குழாயில் வைத்த குண்டு

குண்டை வைத்தவன் நான்தான். கதையை இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் சொல்லுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குண்டு என்றதும் போலீசைக் கூப்பிட வேண்டாம். சைக்கிள் சக்கரத்தின் நடுவில் கிடந்து உருளுமே, மிளகு பருமனில் இரும்புக் குண்டு, அதுதான். பட்டறையில் அதற்குப் பெயர் பால்ஸ். ராசாங்கத்தின் ஜீப்பில் முன் சக்கரத்துக்கு பிரேக் ஆயில் போகிற குழாயை அந்த ஒரு பால்ஸை வைத்து அடைத்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷத்தில் அவன் மைத்துனன் அரியமுத்துவின் இடது கால் நொறுங்கியது.

ஏன்டா அடைத்தாய் என்று கேட்பீர்கள். அரியலூரில் லாரிப் பட்டறையில் பதினாறு வருஷம் கிரீஸில் புரண்டவன் நான். எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கெல்லாம் ஒரு வேதம் உண்டு. முன் சக்கரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி குப்புற அடிக்கும், பின் சக்கரத்தில் மட்டும் பிடித்தால் கும்பிட்ட மாதிரி நிற்கும். எந்த வண்டி அப்படிக் குப்புற அடித்தது, யார் பார்த்தது என்று ஒருத்தனும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

ராசாங்கம் வீடு விக்கிரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. அவன் சம்சாரம் செங்கமலம் என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். அதனால் அவனுக்கு நான் மச்சான். அவன் அப்பா உடையார்பாளையத்தில் ஒரு பண்ணையில் ஏர் ஓட்டியே செத்தவர். மகன் ஏலத்தில் ஒரு பழைய பட்டாளத்து ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது தெருவே கூடிவிட்டது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. டவுன் பஸ் எட்டிப்பார்க்காத முந்திரிக்காட்டுச் சேற்றிலெல்லாம் உறுமிக்கொண்டு போய்வரும்.

எண்பத்து இரண்டாம் வருஷம் மீன்சுருட்டிப் பக்கம் பிரேக் போட்டபோது வண்டி வலது பக்கம் வெட்டி, குளத்துக்குள் போகப் பார்த்தது. வந்து நின்றான். "மச்சான், முன்னாடி பிரேக்கே வேணாம், அடைச்சுரு" என்றான். இடது சக்கரத்து பிரேக் சிலிண்டர் ஒழுகியதுதான் கோளாறு. அதைச் சரிபண்ண அரை நாள் வேண்டும். அடைக்க, வாங்கிவைத்த டீ ஆறுகிற நேரம் போதும். நான் அடைத்தேன். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் புரட்டாசியில் ஒரு மழை நாள். மருதையாற்றுக்கு இறங்குகிற சரிவில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. ராசாங்கம் மிதித்தான். பின் சக்கரம் இரண்டும் நின்றன, வண்டி நிற்கவில்லை. சேற்றில் வழுக்கிக்கொண்டே போய்ப் பாலத்துச் சுவரில் உராய்ந்தது. படியில் தொற்றிக்கொண்டு நின்ற அரியமுத்துவின் கால் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வயசு, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. கல் சுமக்கிறவனுக்கு முட்டி மடங்காவிட்டால் என்ன செய்வான்?

இது போதாதென்று இன்னொன்றும் நடந்தது. அன்றைக்குக் காலையில் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று ராசாங்கம் சொல்ல, அரியமுத்துதான் டப்பாவை எடுத்து ஊற்றினான். டீக்கடையில் எல்லோரும் எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று துளைத்தபோது ராசாங்கம், "மாப்ள டப்பாவ மாத்தி ஊத்திட்டான்போல. இன்ஜின் ஆயிலை ஊத்திட்டா பிரேக்கு எப்படிப் புடிக்கும்?" என்று சொல்லிவிட்டான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் நான்தானே. "இருக்கும்" என்றேன். ஒரே ஒரு சொல். அது பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை, மாரியம்மன் கோயில் என்று சுற்றி, கடைசியில் திருச்சி ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கால் உடைந்தவன் தலையிலேயே பழியும் விழுந்தது. அவன் அக்கா செங்கமலமே அவனைத் திட்டினாள்.

ஆனால் செங்கமலம் லேசுப்பட்டவள் இல்லை. மண்ணில் கிடக்கிற குளம்படியைப் பார்த்து எந்த ஆடு எந்தப் பக்கம் போனது என்று சொல்லுகிறவள். விபத்து நடந்த மறுநாளே சரிவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"பின் சக்கரம் தரதரன்னு தேச்சுக்கிட்டே போயிருக்கு. கடைசியில வண்டி நின்ன எடத்துல பாத்தா, முன் சக்கரத்து அச்சு மட்டும் கோலம் போட்டாப்புல அப்படியே பதிஞ்சு கெடக்கு. முன் சக்கரம் நிக்கவேயில்ல, உருண்டுக்கிட்டேதான் போயிருக்கு. இந்தாய்யா, முன்னாடி புது டிரம்மு, புது ஷூ எல்லாம் போடாம இந்த வண்டி வாசலை விட்டு நவுரக் கூடாது. நவுந்துச்சுன்னா நான் எங்க அப்பன் வூட்டுக்கு நவுந்துருவேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஐப்பசியில் அரியமுத்துவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருகிறான் என்று தகவல். அன்றைக்குக் காலையில்தான் நாங்கள் வேலையில் உட்கார்ந்தோம். "என் தம்பிய பஸ்ஸு நிக்கிற எடத்துல இருந்து இதே வண்டிலதான் ஏத்திக்கிட்டு வரணும். பிரேக்கு புடிக்குதுன்னு அவன் கண்ணால பாக்கணும்" என்பது செங்கமலத்தின் உத்தரவு.

சக்கரத்தோடு சுற்றுகிற டிரம், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற ஷூ, இரண்டையும் புதிதாகப் போடுவது பெரிய விஷயமில்லை. அந்தக் குழாயைத் திறந்து பால்ஸை எடுக்காமல் புது பிரேக் வேலை செய்யாது. அதை அவள் பார்க்காமல் எடுக்க வேண்டும். பார்த்தாளென்றால் ராசாங்கத்தின் குடித்தனம் அன்றோடு சரி. என் யோக்கியதையும் சந்தி சிரித்துவிடும். முந்தின நாள் சாயங்காலமே அவன் என்னிடம் வந்து, "அவளை எங்கயாவது அனுப்பிட்டு எடுத்துரலாம் மச்சான்" என்று சொல்லியிருந்தான். எங்கே அனுப்புவது? அவள் விடிகாலையிலேயே கருவாட்டுக் குழம்பும் மொச்சைப் பொரியலும் தம்பிக்குச் செய்து மூடிவைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. மண் நசநசவென்று கிடந்ததால் ஜாக்கி இறங்கிவிடும் என்று அடியில் பலகை போட்டோம். அச்சுக்குக் கீழே கருங்கல் முட்டுக் கொடுத்தோம். ராசாங்கம் இடது சக்கரத்து நட்டில் ஸ்பேனரை மாட்டி ஏறி மிதித்தான். டொக் என்று ஒரு சத்தம். போல்ட்டே முறிந்துவிட்டது.

அந்த ஜீப்பில் இடது பக்கத்து நட்டெல்லாம் எதிர்மரை. மற்ற வண்டியில் கழற்றுகிற பக்கம் திருப்பினால் இதில் இறுகும். வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவன் ஐம்பது தடவையாவது கழற்றியிருப்பான்.

"தெனம் கழட்டுறவருக்கு இன்னிக்கு என்னா வந்துச்சு?" என்றாள் செங்கமலம்.

"கை வழுக்கிருச்சு."

"கை வழுக்குனா ஸ்பேனரு உழுவும். போல்ட்டு முறியுமா?"

"நீ உள்ள போயி டீ போடுறியா இல்லியா?"

"பாலு இல்ல."

"வாங்கிட்டு வா."

"மாடு கறக்க இன்னும் நேரம் இருக்கு. நீ வேலையப் பாருய்யா."

சரியான பக்கம் திருப்பி மற்ற நட்டுகளை நான் கழற்றினேன். சக்கரத்தை எடுத்தோம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் முன் சக்கரத்துக்குள்ளும் ஒரு அச்சு சுற்றும், அதைத் தாண்டித்தான் டிரம்முக்குப் போக வேண்டும். நடு மூடி, அதற்குள் ஆறு போல்ட், அதற்கும் உள்ளே ஒரு பெரிய நட்டு. அதற்குத் தோதான ஸ்பேனர் இல்லாததால் உளியை வைத்து சுத்தியலால் தட்டித் தட்டி நகர்த்தினேன். பழைய கிரீஸ் கட்டி கட்டியாக வந்தது. கடைசியில் டிரம்மை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து மண்ணில் வைத்தேன்.

அட கடவுளே! இதை நான் யோசிக்கவே இல்லை. டிரம்மின் உள்பக்கம் முழுக்கத் துரு. தினம் பிரேக் பிடிக்கிற டிரம் உள்ளே கண்ணாடியாக மின்னும். இது ஒரு வருஷமாக ஷூ படாமல் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது.

செங்கமலம் குனிந்து ஒரு விரலால் அதைத் தடவினாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்ணே, தெனம் புழங்குற அருவா துருப் புடிக்குமா?"

"புடிக்காது."

"அப்ப தெனம் புழங்குற பிரேக்கு ஏன் இப்படிக் கெடக்கு?"

"மழைத்தண்ணி பூந்துருக்கும்மா. நாப்பது நாளா வண்டி சும்மாதானே நிக்குது."

"பின்னாடியும் சும்மாதான நிக்குது? அதையும் ஒண்ணு கழட்டுங்க, பாப்பம்."

ராசாங்கம் எழுந்தான். "ஏய், உனக்கு வேற வேலை இல்லியா? மச்சான் என்ன உனக்குப் பள்ளிக்கூட வாத்தியாரா, நீ கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருக்க? பஸ்ஸு வர்றதுக்குள்ள முடிக்கணுமா வேணாமா?"

"நீ ஏன்யா கத்துற? நான் எங்க அண்ணனைத்தான் கேட்டேன்" என்றாள்.

எங்க அண்ணன். அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்தது என்பதை என்னத்தைச் சொல்ல. அவள் தம்பியின் காலை ஒடித்த அண்ணன்.

புது ஷூவை மாட்டி, ஸ்பிரிங்கைத் திருகி இழுத்துப் போட்டேன். சிலிண்டருக்குப் புது ரப்பர். மற்றதையெல்லாம் கிருஷ்ணாயிலில் கழுவலாம், ரப்பரைக் கழுவினால் ஊதிப்போகும். அதை பிரேக் ஆயிலில்தான் நனைத்துப் போட வேண்டும். செங்கமலம் ரேஷனில் வாங்கி வைத்திருந்த கிருஷ்ணாயில் முழுவதையும் ஒரு சட்டியில் ஊற்றிக் கொடுத்திருந்தாள். ராத்திரிக்கு விளக்கு எரிய என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "பிரேக்கு புடிச்சாப் போதும், இருட்டுல கெடந்துட்டுப் போறோம்" என்றாள்.

வலது பக்கமும் முடிந்தபோது பதினொன்றரை. இனி ஏர் எடுக்க வேண்டும். குழாய்க்குள் காற்று நின்றால் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒருத்தர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருத்தர் சக்கரத்தில் இருக்கிற நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். ராசாங்கம் சீட்டில் ஏறப் போனான்.

"நான் மிதிக்கிறேன்" என்று செங்கமலம் ஏறிவிட்டாள்.

"உனக்குத் தெரியாது."

"மிதின்னா மிதிக்கணும், புடின்னா புடிக்கணும், வுடுன்னா வுடணும். இதுக்கு என்ன படிப்பா வேணும்?"

அந்த ஜீப்பில் ஆயில் ஊற்றுகிற வாய் பெடலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில் இருக்கும். தகட்டைக் கழற்றித்தான் வைத்திருந்தோம். அவள் சீட்டில் உட்கார்ந்து குனிந்தால் அந்தச் சதுர ஓட்டை வழியாக நேரே கீழே தெரியும். அங்கேதான் முன் குழாய் பிரிகிற இடம். அங்கேதான் பால்ஸ்.

"மிதி" என்றான் ராசாங்கம். வலது சக்கரத்துப் பக்கம் குத்துக்காலிட்டு நிப்பிளைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை. காற்றும் இல்லை, எண்ணெயும் இல்லை.

"வுடு. மிதி. புடி."

ஒன்றுமில்லை. வராது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பத்துத் தடவை மிதிக்கச் சொன்னான். அவள் சலித்துப்போய் வீட்டுக்குள் போவாள் என்று நினைத்தானோ என்னவோ. அவளுக்கு நெற்றியில் வேர்வை வழிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

"என்னாய்யா, வருதா?"

"வரும், வரும்."

"பெடலு கல்லாட்டம் நிக்குது. கீழயே எறங்கல. ஏண்ணே, ஒண்ணு கேக்குறேன். எந்தம்பி தப்பான எண்ணெய ஊத்துனான்னா, அந்த எண்ணெதான பின் சக்கரத்துக்கும் போயிருக்கும்? அது மட்டும் எப்படிப் புடிச்சுச்சு?"

ராசாங்கம் என் பக்கத்தில் வந்து குனிந்து, காதுக்குள், "எடுத்துரு மச்சான், சட்டுனு எடுத்துரு" என்றான். வெளியே சத்தமாக, "குழாயில அழுக்கு அடைச்சிருக்கு, மச்சான் பாப்பாரு" என்றான்.

நான் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனேன். வேட்டி நனைந்து முதுகெல்லாம் சேறு. பனியனில் பையும் கிடையாது. மேலே பார்த்தால் அந்தச் சதுர ஓட்டை, அதற்குள் செங்கமலத்தின் முகம். இமைக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உடம்பை நகர்த்தி மறைக்கப் பார்த்தேன். அவள் தலையை நகர்த்தினாள்.

முன் குழாயின் நட்டைத் தளர்த்திக் குழாயை ஒதுக்கினேன். பால்ஸ் வாயிலேயே பதிந்து உட்கார்ந்திருந்தது. நகத்தால் நோண்டினேன், சனியன் அசையவில்லை. உள்ளேயிருந்து எண்ணெய் தள்ளினால்தான் வரும். அதற்குப் பெடலை மிதிக்க வேண்டும்.

"மிதிம்மா" என்றேன்.

அவள் மிதித்தாள். குபுக்கென்று எண்ணெயோடு பால்ஸ் துள்ளி என் உள்ளங்கையில் விழுந்தது. ஆயில் கண்ணிலும் மூக்கிலும் வழிந்தது. ஒரு கையால் ஓட்டையைப் பொத்த வேண்டும், இன்னொரு கையால் குழாயை மாட்ட வேண்டும். கீழே சேற்றில் போட்டால் மேலேயிருந்து பார்க்கிற அவள் கண்ணில் பட்டுவிடும். ஆணியையும் நட்டையும் உதட்டில் கடித்துக்கொண்டு வேலை செய்கிற பழக்கம் எங்களுக்கெல்லாம் உண்டு. யோசிக்காமல் பால்ஸை வாய்க்குள் போட்டுக்கொண்டேன்.

"என்னமோ வுழுந்துச்சே, என்னாண்ணே அது?"

"ம்" என்றேன்.

"என்னாங்குறேன்?"

"அழுக்குடி" என்றான் ராசாங்கம்.

குழாயை மாட்டி இறுக்கிவிட்டு வெளியே வந்தேன். பிரேக் ஆயிலின் கசப்பு தொண்டை வரைக்கும் போய்க் குமட்டியது. திரும்பி நின்று துப்பிவிடலாமென்றால் அவள் கண்ணை எடுக்கவில்லை. ராசாங்கம் வலது நிப்பிளைத் திறந்தான். "மிதி." புஸ் என்று காற்று, நுரை, அப்புறம் சுத்தமான எண்ணெய்.

"வந்துருச்சு!" என்று கத்தினான். உண்மையிலேயே சந்தோஷப்பட்டான், மடப்பயல்.

"வாயில என்னாண்ணே?" என்றாள் செங்கமலம்.

"மச்சானுக்குப் பல்லு வலி. ராத்திரியில இருந்தே" என்றான் அவன்.

"காலையில நல்லாத்தான பேசிக்கிட்டு இருந்தாரு?"

"வலி வர்றதுக்கு நேரம் காலம் இருக்கா? மிதி, மிதி."

இடது பக்கமும் ஏர் எடுத்தான். மிதி, புடி, வுடு. நான் எச்சிலை விழுங்கவும் பயந்து, துப்பவும் பயந்து ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் தெருமுனையில் டக், டக் என்று கட்டை ஊன்றுகிற சத்தம் வந்தது.

பஸ் அன்றைக்குப் பார்த்து முன்கூட்டி வந்துவிட்டது. அரியமுத்து இரண்டு கக்கத்திலும் கட்டையைக் கொடுத்துக்கொண்டு, சேற்றில் பார்த்துப் பார்த்து ஊன்றி வந்துகொண்டிருந்தான். பாதி ஆளாகியிருந்தான். இடது கால் விறைத்துப்போய் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

செங்கமலம் சீட்டிலிருந்து குதித்து ஓடினாள். "ஏன்டா, அங்கயே நிக்கக் கூடாதா? நான் வண்டிய எடுத்துக்கிட்டு வர மாட்டேனா?"

"நடந்து பழகணும்ல அக்கா" என்றான். நேரே ராசாங்கத்துக்கு முன்னால் வந்து நின்றான். கட்டைகளை ஒரு கைக்கு மாற்றிவிட்டு, இன்னொரு கையால் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு குனிய ஆரம்பித்தான். எதற்குக் குனிகிறான் என்று எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. காலைத் தொடுவதற்காக.

"மாமா, என்னை மன்னிச்சுருங்க. உங்க வண்டியக் கெடுத்துட்டேன். உங்களுக்கும் ஏதாச்சும் ஆயிருந்தா அக்கா நெலம என்ன ஆயிருக்கும்?"

ராசாங்கம் பின்னால் நகர்ந்தான். "டேய், டேய், வேணாம்டா மாப்ள" என்றான். சுவர் ஓரம் போய் ஒட்டிக்கொண்டு நின்றான்.

அரியமுத்து என் பக்கம் திரும்பினான். "கண்ணையண்ணே, நீங்க சொல்லுங்க. நான் செவப்பு டப்பாவைத்தான் எடுத்தேன். மூடியத் தொறந்து மோந்துகூடப் பாத்தேன். ஆசுபத்திரியில படுத்துக்கிட்டு அதையேதான் நெனச்சேன். கண்ண மூடுனா டப்பாதான் வருது. நான் என்னா தப்புப் பண்ணுனேன்னு மட்டும் காட்டிக் குடுத்துருங்க. இனிமே யாரு வண்டியிலயும் அப்படி ஊத்திறக் கூடாதுல்ல?"

அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அக்காவும் பார்த்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாக வேண்டும். உள்ளங்கையை நீட்டி அதில் துப்பினேன்.

எச்சிலும் எண்ணெயுமாகப் பால்ஸ் உருண்டு நின்றது.

செங்கமலம் அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "எங்க இருந்துச்சு?"

"முன் குழாயில."

"யாரு வெச்சது?"

"நான்தாம்மா."

"எப்ப?"

"போன வருஷம். அரியமுத்து ஊத்துன எண்ணெ சரியான எண்ணெதான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. எந்த எண்ணெய ஊத்தியிருந்தாலும் முன் சக்கரத்துக்குப் போயிருக்காது."

"யாரு வெக்கச் சொன்னது?"

சுவரோரத்திலிருந்து, "நாந்தான்" என்றான் ராசாங்கம். "முன்னாடி புடிச்சா குப்புற அடிச்சுரும்னு பயந்துட்டேன். வேணும்னு செய்யல செங்கமலம். அன்னிக்கு டீக்கடையில எல்லாரும் சுத்தி நின்னு கேட்டாங்க. வாயில வந்துருச்சு. அப்புறம் திருப்பிச் சொல்ல முடியல." சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதான்.

அரியமுத்து கோபப்படுவான், கட்டையால் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவன் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் இல்லியாக்கா? நான் பண்ணலியா?" என்றான். "நாப்பது நாளா தூங்கலக்கா. நானே ஒடச்சுக்கிட்டேன்னுதான் நெனச்சேன்" என்று சொல்லிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் குரல் உடைந்து கேவ ஆரம்பித்தான். செங்கமலம் அவன் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "நீ இல்லடா சாமி. நீ இல்ல. நானும் உன்னைத்தான திட்டுனேன், பாவி" என்றாள்.

அவள் புருஷனைத் திட்டவில்லை. என்னைப் பார்த்துத்தான் முதலில் கேட்டாள். "உங்களை அண்ணன்னுதான கூப்புட்டேன்?"

நான் கையிலிருந்த எச்சிலை வேட்டியில் துடைத்தேன்.

பிறகு ராசாங்கத்திடம் போய் நின்றாள். "எந்திரி. அழுவறத அப்புறம் வெச்சுக்க. டீக்கடையில எந்தம்பி பேரச் சொன்னேல்ல? பஸ் ஸ்டாண்டுல சொன்னேல்ல? எங்கெங்க சொன்னியோ அங்கெல்லாம் போயி, நாந்தான் செஞ்சேன்னு சொல்லிட்டு வா. அதுக்கப்புறம் வூட்டுக்குள்ள வர்றதப் பத்திப் பேசுவம். நீங்களும் போங்கண்ணே. நீங்கதான சாட்சி சொன்னவரு."

சேற்றோடும் கிரீஸோடும் அப்படியே நடந்தோம். பஸ் நிற்கிற இடத்துப் புளியமரத்தடியில்தான் டீக்கடை, வாடகை ஜீப்புகள் நிற்பதும் அங்கேதான். நல்லுசாமியின் ஜீப்பு முந்திரிக்காட்டுக்குக் களை வெட்டப் போகிற பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட இருந்தது. உள்ளே எட்டு பேர், பின் படியில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

ராசாங்கம் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினான். தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

"சத்தமாச் சொல்லு. இங்க கேக்கல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. செங்கமலம் தம்பியையும் கூட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்திருந்தாள்.

"அரியமுத்து எண்ணெய மாத்தி ஊத்தல. நான் பொய் சொன்னேன். முன் பிரேக்க நாந்தான் பால்ஸ் வெச்சு அடைக்கச் சொன்னேன். அவன் கால ஒடச்சது நாந்தான்" என்றான் ராசாங்கம். சத்தமாகவே சொன்னான்.

"வெச்சது நான்" என்றேன். "இருக்கும்னு சொன்னதும் பொய்."

காறித் துப்புவார்கள், நாலு கேள்வி கேட்பார்கள் என்று தயாராக நின்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். நல்லுசாமி ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. இன்ஜினை அணைத்தான்.

"கண்ணையா, எனக்கும் நீதான வெச்சுக் குடுத்த? தையில?"

ஆமாம். தை மாதம், இதே புளியமரத்தடியில். மறந்தே போய்விட்டேன். அப்படி இன்னும் எத்தனை வண்டிக்கு வைத்தேன் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

நல்லுசாமி கீழே இறங்கிப் பின்பக்கம் போனான். "எல்லாரும் எறங்குங்க" என்றான்.

"ஏன்யா, நேரமாவுதுல்ல?" என்றாள் படியில் தொங்கியவள்.

"எறங்குங்கன்னா எறங்குங்க. வண்டி போவாது."

ஒவ்வொருத்தியாகக் களைக்கொட்டோடு இறங்கினார்கள். நான் நல்லுசாமியின் ஸ்பேனர் பையை வாங்கிக்கொண்டு அங்கேயே தார் ரோட்டு ஓரம் மல்லாந்து படுத்து ஜீப்புக்கு அடியில் போனேன். நட்டைத் தளர்த்தினேன். அந்தப் பால்ஸும் நகத்துக்கு அசையவில்லை.

"யாராச்சும் ஏறிப் பெடல மிதிங்க" என்று கீழேயிருந்து கத்தினேன். நல்லுசாமி வரவில்லை, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ராசாங்கம் ஏறப் போனான்.

"நீங்க நில்லுங்க மாமா" என்றான் அரியமுத்து. கட்டைகளை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து சீட்டில் உட்காருகிற சத்தம் கேட்டது. இடது பக்கம் ஸ்டீரிங் இருக்கிற வண்டி, விறைத்த கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கீழேயிருந்து எனக்கு அதுதான் தெரிந்தது.

"உன்னால முடியுமாடா?" என்றேன்.

"பிரேக்கு மிதிக்க ஒத்தக் கால் போதும்ண்ணே. சொல்லுங்க."

"மிதி" என்றேன். மிதித்தான்.